இரைப்பை சிறுத்தது, வீட்டுப் பந்தி மாறுமா?



யவீருவின் மகளை நம்முடைய ஆண்டவர் உயிரோடெழுப்பிய சம்பவத்தை நாம் அநேக முறை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். மரணத்தின் மேல் அவருக்குள்ள வல்லமையைத் தியானித்து மகிழ்ந்திருக்கிறோம. ஆனால் அற்புதம் நடந்தவுடனே அந்த வீட்டாருக்கு அவர் கொடுத்த ஒரு கட்டளையை நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகிறோம். அந்தச் சிறுபெண்ணுக்குச் சாப்பிட ஏதாகிலும் கொடுக்கும்படி அவர் சொன்னார் (மாற்கு 5:43). உயிரைக் கொடுத்தது ஆண்டவர். ஆகாரத்தைக் கொடுக்கவேண்டியது வீட்டார். சுகம் பெற்ற ஒருவருக்குப் பின்பு வீட்டுப் பந்தியில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளுகிறோம்.

இந்த மாதம் அந்த வேலையைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். மும்பை, பெங்களூரு, டெல்லி, சூரத் போன்ற நகரங்களில் வாழும் நம்முடைய தமிழ்க் குடும்பங்களில், உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளுகிற தாய்மாரும் தகப்பன்மாரும் இன்று அபூர்வமானவர்கள் அல்லர். சிகிச்சை நடக்கும் நாளில் சபையாகக் கூடி ஜெபிக்கிறோம். வீடு திரும்பியவுடன் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறோம். அதற்குப் பின்பு அந்த வீட்டின் சமையலறையில் என்ன நடக்கிறது என்று யாராவது விசாரிக்கிறோமா?

இது என்ன சிகிச்சை?

மருத்துவர்கள் இதைப் பேரியாட்ரிக் சர்ஜரி என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் இட்டு லேப்ராஸ்கோப்பி முறையிலேயே செய்கிறார்கள். இரண்டு முறைகள் நம் நாட்டில் அதிகமாய்ச் செய்யப்படுகின்றன. ஒன்று ஸ்லீவ். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி எடுக்கப்பட்டு, மீந்திருப்பது ஒரு வாழைக்காயைப் போன்ற குறுகிய குழாயாகிறது. மற்றொன்று பைபாஸ். இதில் இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்னும் சுரப்புநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே உண்டாகிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதி நீக்கப்படுவதால் பசி உணர்வும் குறைகிறது. சர்க்கரை நோயுள்ள அநேகருக்கு இந்தச் சிகிச்சைகளால் இரத்தச் சர்க்கரை வெகுவாகக் கட்டுப்படுகிறது.

இது அழகுக்காகச் செய்யப்படும் காரியம் அல்ல. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயோடு வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியிட்டது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 24 சதவீதப் பெண்கள் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். தமிழ்நாட்டிலோ அது 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. டெல்லியிலும் அப்படியே. ஆகவே ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த வழக்கமும், நகரம் நமக்குக் கற்றுக்கொடுத்த வழக்கமும் இரண்டுமே நம்மைப் பாரமாக்குகின்றன என்பது தெளிவு.

எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் பி.எம்.ஐ. என்னும் அளவையும், உடனிருக்கும் நோய்களையும் பார்த்தே மருத்துவர்கள் தீர்மானிக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் கொடுத்த விதிகளின்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோய்கள் இருந்து மற்ற முயற்சிகள் பலனளிக்காமற்போனாலோ, இந்தச் சிகிச்சையைப் பருமன் என்னும் காரணத்தைச் சொல்லி விலக்கக்கூடாது. காப்பீடு வைத்திருக்கிறவர்கள் கடன் வாங்குவதற்கு முன் தங்கள் பாலிசியை வாசித்துப் பார்ப்பது நல்லது.

விசுவாசக் குறைவா?

நம்முடைய சபைகளில் ஒரு சிலர் இதைக் கேட்டவுடனே, "ஜெபித்தால் கர்த்தர் குறைக்கமாட்டாரா? கத்தி எதற்கு?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்ளுகிறார்கள்" என்று பரிகாசமாய்ப் பேசுகிறார்கள். இரண்டுமே காயப்பட்ட இடத்தில் மேலும் காயப்படுத்தும் வார்த்தைகள்.

எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகத்தை வாக்குப்பண்ணின பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:7). பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன உதவும் என்று பவுல் அக்கறையாய் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). தெய்வீக சுகத்தை நாம் விசுவாசிக்கிறோம். அந்த விசுவாசம் மருத்துவரின் கையையும் தேவனுடைய கையில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவேண்டும்.

அடுத்து, பருமனை வெறும் போஜனப்பிரியம் என்று தீர்த்துவிடுவதும் சரியல்ல. பரம்பரை, தைராய்டு குறைபாடு, சில மருந்துகள், பிள்ளைப்பேறு, தூக்கமில்லாத இரவு வேலை, நடக்க இடமில்லாத குடியிருப்பு ஆகிய எல்லாம் அதில் பங்கு வகிக்கின்றன. குற்றஞ்சாட்டுவதற்கு முன் நம்முடைய சபை விருந்தின் இலையை ஒருமுறை நினைத்துப் பார்ப்போமாக.

ஒரு வீட்டில் கண்டது

எங்கள் சபையில் ஒரு சகோதரி, நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயினாலும் முழங்கால் வலியினாலும் வெகுவாய்க் கஷ்டப்பட்டு ஸ்லீவ் சிகிச்சை செய்துகொண்டார்கள். கணவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மாமியாரும், பதினைந்து வயது மகளும், பன்னிரண்டு வயது மகனும் வீட்டில் உண்டு. அவர்கள் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

சிகிச்சை நன்றாய் முடிந்தது. வீடு திரும்பிய முதல் வாரங்களில் சகோதரிக்கு வடிகட்டின பருப்புத் தண்ணீரும் மோரும் சிறு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகவே இறங்கின. ஆனால் அந்த வீட்டில் சமையல் செய்கிறவர்களும் அவர்களே. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, தான் ஒரு வாயும் ருசிக்கமுடியாத பிரியாணியை மற்ற நால்வருக்கும் ஆக்கிக் கொடுத்தார்கள். தாளிப்பின் வாசனையே அவர்களுக்குக் குமட்டலை உண்டாக்கியது.

கணவருக்கு மனைவியின் முன் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாயிற்று. ஆகவே ஷிப்ட் முடிந்து வரும் வழியிலேயே இரண்டு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லப் பழகினார். மாமியாருக்கோ பயம். "இவ்வளவு கொஞ்சமாய்ச் சாப்பிட்டால் இவள் எப்படிப் பிழைப்பாள்?" என்று அழுதார்கள். மருமகளுக்கு ஊட்டமுடியாத அன்பையெல்லாம் பேரனின் தட்டில் கொட்டினார்கள். அவன் எடை ஏறிற்று. மகளோ எதிர்த்திசையில் போனாள். அம்மாவின் எடை மாதாமாதம் குறைவதையும், சபையில் எல்லாரும் அதைப் புகழ்வதையும் அவள் பார்த்தாள். தானும் அம்மாவின் கிண்ணத்திலேயே அம்மாவின் அளவையே சாப்பிடத் தொடங்கினாள். ஒரு சனிக்கிழமை பாடற்குழுப் பயிற்சியில் மயங்கி விழுந்தபோதுதான் வீட்டாருக்கு அது தெரியவந்தது.

பிரியமானவர்களே, அந்த வீட்டில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் அன்பினாலேயே செய்தார்கள். ஆனாலும் ஒரே மேஜையில் ஐந்து விதமான பயங்கள் உட்கார்ந்திருந்தன. சிகிச்சை ஒருவருடைய இரைப்பையை மாற்றிற்று. வீட்டின் பழக்கத்தையோ ஐந்து துண்டாக்கிப்போட்டது. அறுவை அறையில் நடப்பதைவிட அதிகமாய் நாம் ஜெபிக்கவேண்டியது இதற்கே.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

பெற்றோரின் தட்டு பிள்ளைகளுக்கு ஒரு போதகம். நாம் என்ன சொல்லுகிறோம் என்பதைவிட, என்ன சாப்பிடுகிறோம், எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதை அவர்கள் விரைவில் கற்றுக்கொள்ளுகிறார்கள். ஆகவே மூன்று காரியங்களை வளரும் பிள்ளைகளுக்கு வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும்.

முதலாவது, அம்மாவின் அளவு அம்மாவுக்கு மட்டுமே உரியது. அது மருத்துவர் கொடுத்த அளவு. வளரும் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் பாலும் முட்டையும் பழமும் வயதுக்கேற்ற நிறைவோடு வேண்டும். வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்த்தபோது, அவரவர் புசிக்கும் அளவுக்குத் தக்கதாகவே சேர்க்கும்படி கர்த்தர் கட்டளையிட்டார். அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதியாகவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவாகவும் இல்லை (யாத்திராகமம் 16:16-18). ஒரே ஆகாரம், அளவு அவரவருக்குத் தக்கது. இந்த ஒழுங்கை உங்கள் வீட்டுப் பந்தியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எடையைப் பற்றிய பேச்சை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். "குண்டு", "பூசணிக்காய்" என்று செல்லமாய்க் கூப்பிடுவதும், "அக்காவைப் பார், எவ்வளவு ஒல்லி" என்று ஒப்பிடுவதும் பிள்ளையின் உள்ளத்தில் பல வருஷங்களுக்குக் குத்திக்கொண்டிருக்கும். பெலன், தெளிவு, ஆரோக்கியம் இவைகளைப் பற்றிப் பேசுங்கள். "அம்மா இப்போது மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுகிறாள்" என்பது பிள்ளைக்கு நல்ல செய்தி. "அம்மா இருபது கிலோ குறைந்துவிட்டாள்" என்பதை மட்டும் தினமும் கேட்கிற பெண்பிள்ளை தன்னுடைய எடையையும் எண்ணத் தொடங்குவாள்.

மூன்றாவது, பிள்ளை சாப்பாட்டை ஒளிக்கிறானா, வேளைகளைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாளா என்று கவனியுங்கள். அப்படிக் கண்டால் கண்டிக்கவேண்டாம். அருகில் அமர்ந்து கேளுங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தானியேல் தனியாய்ச் சாப்பிடவில்லை

தானியேல் முதலாம் அதிகாரத்தை உணவுக்கட்டுப்பாட்டுக்கு உதாரணமாய் அநேகர் எடுத்துச் சொல்லுகிறார்கள். பத்து நாள் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் என்பது நமக்கு ஞாபகமிருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாளும் அவன் தனியாய் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் மூவரும் அவனோடு அதே ஆகாரத்தைப் புசித்தார்கள். அந்நிய பட்டணத்தில், அந்நிய அரண்மனையின் பந்திக்கு நடுவில், நால்வரும் சேர்ந்து எடுத்த தீர்மானம் அது. சொந்த ஊரைவிட்டு வெளி மாநிலப் பட்டணங்களில் பிழைக்கிற நமக்கு இது எவ்வளவு பொருத்தமானது!

மருத்துவ உலகமும் இதையே காண்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பைபாஸ் சிகிச்சை செய்துகொண்ட 35 பேரையும், அவர்கள் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர்கள் 35 பேரையும், பிள்ளைகள் 15 பேரையும் ஒரு வருஷம் கவனித்தார்கள். நோயாளியோடுகூட மருத்துவ ஆலோசனைகளுக்கு வரும்படி குடும்பத்தாரும் அழைக்கப்பட்டிருந்தார்கள். சிகிச்சை செய்துகொள்ளாத அந்தக் குடும்பத்தாரில் பருமனாயிருந்த பெரியவர்களின் எடையும் ஒரு வருஷத்தில் சராசரியாக மூன்றரை கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஒருவருடைய மாற்றம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கும் பரவக்கூடும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

முன்னே சொன்ன குடும்பமும் இதையே செய்தது. மகள் மயங்கி விழுந்தபின், ஐந்து பேரும் சேர்ந்து மருத்துவமனையின் டயட்டீஷியனிடம் போய் அமர்ந்தார்கள். தன் மருமகள் பட்டினி கிடக்கவில்லை, அவள் வயிற்றுக்கு அதுவே நிறைவு என்பதை மாமியார் தன் காதாலேயே கேட்டபோது அவர்கள் அழுகை நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு சமையல் இல்லை. ஒரே சமையல், ஐந்து அளவு.

சமையலறையில் செய்யத்தக்கவை

மருத்துவமனைக்கு மருத்துவமனை விவரங்கள் சற்று மாறும். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்ததே உங்களுக்குப் பிரமாணம். ஆயினும் பொதுவாக எல்லாரும் சொல்லுகிற சில காரியங்களை இங்கே தருகிறேன்.

1. படிப்படியாய் ஏறுங்கள். முதல் சில நாட்கள் தெளிந்த நீராகாரம். பின்பு பால், மோர், வடிகட்டின பருப்பு, சூப். பின்பு மசித்த ஆகாரம். பின்பு மென்மையான ஆகாரம். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இந்த நாட்களில் சமையல் பொறுப்பைக் கணவரோ, பெரிய பிள்ளைகளோ, சபையின் சகோதரிகளோ ஏற்றுக்கொள்ளவேண்டும்.

2. புரதம் முதலில். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்று பொதுவாய்ச் சொல்லுகிறார்கள். சிறிய இரைப்பையில் சோறு முதலில் போனால் மற்றதற்கு இடமில்லை. முட்டை, மீன், மென்மையாய் வெந்த கோழிக்கறி, பனீர், தயிர், பாசிப்பயறு, கடலை இவைகளை முதலில் சாப்பிட்டு, காய்கறியை அடுத்து எடுத்து, சோற்றையோ சப்பாத்தியையோ கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை மற்ற வீட்டாருக்கும் நன்மையே.

3. மெதுவாய்ச் சாப்பிடுங்கள். சிறு வாய், நன்றாய் மென்று, அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடியாமல், அரை மணி நேரம் இடைவெளி விடவேண்டும். மற்ற நேரத்தில் சிறிது சிறிதாய்க் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அவர் ஒருவர் மெதுவாய்ச் சாப்பிட, மற்ற நால்வரும் ஐந்து நிமிஷத்தில் எழுந்துபோனால், அவர் தனிமைப்படுவார். டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டுக் கூட உட்காருங்கள். குடும்ப ஜெபத்துக்கு நேரமில்லை என்கிறவர்களுக்கு இங்கேயே அரை மணி நேரம் கிடைக்கிறது.

4. இனிப்பில் எச்சரிக்கை. முக்கியமாய்ப் பைபாஸ் செய்தவர்கள் அல்வாவோ லட்டுவோ சாப்பிட்டால், அது வேகமாய்ச் சிறுகுடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு உண்டாகலாம். ஊரிலிருந்து வரும் பண்டப்பெட்டியை வந்தவுடனே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். தேவைக்கு மேல் வைத்த மன்னா பூச்சி பிடித்தது என்பதை மறவாதிருங்கள் (யாத்திராகமம் 16:20).

5. எண்ணெயையும் உப்பையும் அளந்து ஊற்றுங்கள், அளந்து போடுங்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியருக்கான 17 உணவு நெறிகளை வெளியிட்டது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிஞ்சக்கூடாது என்றும், நமக்குக் கிடைக்கும் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும் அது ஆலோசனை கூறுகிறது. நம்முடைய மூன்று வேளைத் தட்டையும் பார்த்தால் இட்லி, சோறு, தோசை என்று தானியமே குவிந்திருக்கிறது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பயறையும் ஒரு கரண்டி காயையும் கூட்டினால், அந்த மாற்றம் சிகிச்சை செய்யாதவர்களையும் காக்கும்.

6. மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி போன்றவற்றை ஆயுள் முழுவதும் எடுக்கவும், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும் வேண்டியிருக்கும். சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவு குறைக்கப்பட வேண்டியதாகலாம். அதை மருத்துவரே செய்யவேண்டும். முழங்கால் வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், முக்கியமாய்ப் பைபாஸ் செய்தவர்களுக்குப் புண்ணை உண்டாக்கலாம். வாந்தி நில்லாமல் தொடர்ந்தால் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தயமின் என்னும் வைட்டமின் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படும் ஆபத்து அதில் உண்டு.

உபவாசமும் திருவிருந்தும்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நம்முடைய சபைகளின் பெலன். ஆனால் சிகிச்சை செய்துகொண்ட விசுவாசி, தண்ணீரும் குடியாமல் உபவாசித்தால், உடலில் நீர் வற்றி ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். ஒரே வேளையில் நிறையக் குடித்து அதை ஈடுகட்ட அவர்களால் இயலாது. ஆகவே அவர்களுக்கு மருத்துவரின் சம்மதம் இல்லாமல் உபவாசம் வேண்டாம். தானியேல் மூன்று வாரம் ருசியான ஆகாரத்தை மட்டும் விலக்கித் துக்கித்திருந்த காலமும் வேதத்தில் உண்டு (தானியேல் 10:2,3). கர்த்தர் விரும்பும் உபவாசம் பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வது என்று ஏசாயா 58-ஆம் அதிகாரம் போதிக்கிறது. அந்த நாளில் அவர்கள் செல்போனை விலக்கி ஜெபிக்கலாம். தாங்கள் இனிச் சமைக்கத் தேவையில்லாத ஒரு படி அரிசியை ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். உபவாச ஜெபத்துக்கு மோர் டம்ளரோடு வந்து உட்காருகிற சகோதரியை ஒருவரும் ஏற இறங்கப் பார்க்கவேண்டாம்.

திருவிருந்தின் சிறு அப்பத்துண்டும் சிறு பாத்திரமும் பொதுவாய்த் தடையாகாது. நீராகார வாரங்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டு, அப்பத்தின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டால் போதும். கர்த்தருடைய பந்தியில் பங்கு துண்டின் அளவினால் உண்டாவதில்லை.

சபையாருக்கு ஒரு வார்த்தை

தமிழருடைய உபசரிப்பு ஒரு நல்ல சுதந்தரம். ஆனால் "ஒரு வாய் கூடச் சாப்பிடுங்கள், என் மேல் அன்பில்லையா?" என்று வற்புறுத்துவதை நாம் விட்டுவிடவேண்டும். அந்தச் சகோதரி ஒரு கலியாண வீட்டில் அப்படிப்பட்ட வற்புறுத்தலுக்கு இணங்கி இரண்டு வாய் அதிகமாய்ச் சாப்பிட்டு, பந்தியைவிட்டு எழுந்துபோய் வாந்தியெடுத்து வேதனைப்பட்டார்கள். போஜனத்தினாலே சகோதரனுக்கு இடறல் உண்டாக்கவேண்டாம் என்று பவுல் எழுதியதை (ரோமர் 14:15,20) நாம் இறைச்சிக்கும் விக்கிரகத்துக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுகிறோம். அது நம்முடைய பரிமாறும் கரண்டிக்கும் பொருந்தும்.

சபை விருந்துகளில் பிரியாணியோடு வேகவைத்த சுண்டலும், வெள்ளரிக்காயும், மோரும் வையுங்கள். சிறு தட்டுகளும் வையுங்கள். அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும்கூட உதவும். வீடுகளுக்கு விசாரிப்புக்குப் போகும் ஊழியர்களும் ஒவ்வொரு வீட்டிலும் பலகாரத்தை எதிர்பாராமல், ஒரு டம்ளர் தண்ணீரோடு ஜெபித்துப் புறப்பட்டால், மற்றவர்களுக்கு அது மாதிரியாயிருக்கும்.

இரண்டாம் வருஷத்தின் சோதனை

எடை குறைவது பெரும்பாலும் முதல் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குள் நடக்கிறது. அதற்குப் பின்பு பசி மெல்லத் திரும்புகிறது. இரைப்பை சற்று விரிந்துகொடுக்கிறது. மிக்சரும், முறுக்கும், சர்க்கரை போட்ட தேநீரும் மெதுவாக, தடையின்றி இறங்குகின்றன. அநேகருக்கு ஓரளவு எடை திரும்புவது இப்படித்தான். பாராட்டுகளும் அப்போது ஓய்ந்திருக்கும். அந்த இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் தாங்கி நிறுத்துவது இரைப்பையில் போட்ட தையல் அல்ல. வீட்டில் உண்டான பழக்கமே.

2025-ல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்த, வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அவைகளும் உதவலாம். ஆனால் ஊசியானாலும் கத்தியானாலும், அவை பசியைத்தான் குறைக்கும். மேஜையில் என்ன வைப்பது, யாரோடு உட்காருவது, பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்பவைகளை அவை தீர்மானிக்கமாட்டா.

அந்தக் குடும்பத்தில் இப்போது கணவர் சனிக்கிழமைதோறும் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். மாமியார் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுக்கிறார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமை முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டான். மகளின் தட்டை அவள் தாயே நிறைவாய்ப் பரிமாறி, "இது உனக்குத் தேவையான அளவு, அம்மாவினுடையது அம்மாவுக்கு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அவளும் சாப்பிடுகிறாள், மறுபடியும் பாடற்குழுவில் நின்று பாடுகிறாள். சகோதரியின் சர்க்கரை மாத்திரை குறைந்திருப்பதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். மகள் நிமிர்ந்து நின்று பாடுவதற்காக இன்னும் அதிகமாய்த் துதிக்கிறோம்.

அன்பான தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நடக்க இருந்தால், மருத்துவமனைப் பையை அடுக்குவதற்கு முன்பு ஒரு மாலை எல்லாருமாய் மேஜையைச் சுற்றி உட்காருங்கள். யார் சமைப்பது, எதை வாங்காதிருப்பது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவது, தாத்தா பாட்டிக்கு யார் விளக்குவது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ஜெபத்தோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். சுகம் கர்த்தரிடத்திலிருந்து வரும். அவர் சுகப்படுத்துகிறவருக்குத் தகுந்த ஆகாரத்தைத் தகுந்த அளவில், தகுந்த அன்போடு கொடுப்பது நம்முடைய பங்கு.

கர்த்தர் உங்கள் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்து, உங்கள் வீட்டிலிருந்து வியாதியை விலக்கி, உங்கள் பந்தியைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.